பள்ளிக் கணினிக்கு நமக்கென ஒரு நிறுவல் விரலி



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அவற்றில் லினக்சு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்பது நல்ல யோசனையே. ஆனால், நிறுவிய பிறகு தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, கல்வி மென்பொருள் என ஒவ்வொன்றையும் கணினிதோறும் சேர்க்க வேண்டியுள்ளது. இருபது கணினிகள் இருந்தால், பன்னிரண்டாவதிலேயே யாருக்கும் கை தளர்ந்துவிடும். எஞ்சிய எட்டில் அமரும் மாணவர்கள் 'கணினியில் தமிழ் வராது' என்றே எண்ணிக்கொள்வர்.

ஆதலால், நிறுவும்போதே தமிழும் உடன்வரும் விரலியை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. டெபியன் இயங்குதளத்தில் இதற்கென லைவ்-பில்ட் என்னும் கருவி உள்ளது. வேண்டிய மென்பொருள்களின் பெயர்களை ஓர் எளிய உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதுகிறோம்: லோகித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 அடங்கிய எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பு, லிப்ரெ ஆபிஸ், ஜிகாம்பிரி. புதிய பயனருக்கான தொடக்க அமைப்புகளைத் தனிக் கோப்புறையில் இடுகிறோம். கருவி அவற்றை இணையத்திலிருந்து திரட்டி, விரலியில் எழுதத்தக்க ஒரே கோப்பாக்கித் தருகிறது.

ஒரு கணினியை முழுமையாக அமைத்துவிட்டு அதையே படியெடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பர். அன்றைக்குப் போதும். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்தது. பட்டியல் வைத்திருப்பவர் பதிப்பின் பெயரை மாற்றி, ஓரிரு வரிகளைத் திருத்தி, மீண்டும் உருவாக்கிக்கொள்வார். படி மட்டும் வைத்திருப்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமைத்த ஆசிரியர் இடமாற்றலாகிச் சென்றுவிட்டால், அந்தப் படிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே விரலியைவிடப் பட்டியலையே பத்திரப்படுத்துங்கள். ஓர் அச்சுப் படி பள்ளிக் கோப்பிலும் இருக்கட்டும்.

இதற்குப் புதுப்பெயர், சின்னம், வெளியீட்டு விழா எதுவும் வேண்டா. பெயர் சூட்டிய மறுநாளே பராமரிப்புச் சுமை நம் தலையில் ஏறும். டெபியன் டெபியனாகவே இருக்கட்டும். பள்ளியின் வைஃபை கடவுச்சொல்லையும் விரலிக்குள் வைத்துவிடாதீர்கள். அது எத்தனை கைகளுக்கு மாறும் என்று யார் அறிவார்?

டெபியன் 13-க்கு 32-பிட் நிறுவல் வட்டு இல்லை என்பதால், மிகப் பழைய கணினிகளை முன்னரே பிரித்து வையுங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, முதலில் வன்தட்டில் நிறுவாமல் விரலியிலிருந்தே இயக்கிப் பாருங்கள். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒரு வாரம் அதில் கட்டுரை தட்டச்சு செய்யட்டும். எது குறைகிறது என்று அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு பட்டியலைத் திருத்தலாம்.