சுவர் இருந்தாத்தானே சித்திரம்?



சுதந்திர தின ஓவியப் போட்டியில் என் பெஞ்சுத் தோழி கலந்துகொள்ளவில்லை. எங்கள் வகுப்பிலேயே நன்றாக வரைபவள் அவள்தான். "ஏன்டி பேர் குடுக்கல?" என்று கேட்டேன். "வெள்ளை சார்ட்டுலதான் வரையணுமாம். வாங்கக் காசு இல்லடி" என்றாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரி, அந்தச் சுவரைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? நாமே செய்யக் கூடாதா?

சித்தன்னவாசலில் பாறை மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி வரைந்தார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் பலாப் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசினார்கள். ஒடிசாவில் ரகுராஜ்பூர் என்ற கிராமத்தில் பழைய பருத்திச் சேலைகளைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கி ஒட்டி, சுண்ணப் பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். பட்டசித்திரம் வரைவது அதில்தான்.

காலாண்டு லீவில் நாங்கள் இருவரும் செய்து பார்த்தோம். பாட்டி புளி தட்டியபோது எடுத்து வைத்த கொட்டை ஒரு டப்பா இருந்தது. அதை வறுத்து, தோல் நீக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, அம்மியில் அரைத்துக் காய்ச்சினோம். கிளறிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அடிப்பிடிச்சுடும். தாத்தாவின் பழைய வேட்டித் துணியை ஜவுளிக்கடை அட்டையில் அந்தப் பசையால் ஒட்டினோம். நம் கரும்பலகைக்குக் கீழே சேர்ந்த சாக்பீஸ் தூளைச் சலித்து, பசையோடு கலந்து பூசினோம்.

முதல் தடவை கெட்டியாப் பூசிட்டோம். காய்ந்ததும் வத்தின ஏரி மாதிரி வெடிச்சுப் போச்சு! மறுபடி மெல்லிசா மூணு பூச்சு. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்தோம். அவள் அதில் போஸ்டர் கலரில் எங்க ஊர் அய்யனார் குதிரையை வரைந்தாள். பார்த்துட்டு அம்மாவே அசந்துட்டாங்க.

"பத்து ரூபாய் சார்ட்டுக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். எங்களுக்கு நாலு நாள் ஆச்சு. பசையும் ரெண்டு நாளில் நாறிப் போகும், புதுசாக் காய்ச்சணும். எல்லோரும் இப்படித்தான் செய்யணும்னு நான் சொல்லவில்லை. ஆனால் பத்து ரூபாய் எல்லோர் வீட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. போட்டி வைப்பது கையின் திறமைக்குத்தானே, காகிதத்துக்கு இல்லையே?

டிராயிங் சாருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். குழந்தைகள் தினப் போட்டி அறிவிப்பில் 'வெள்ளை சார்ட் அல்லது சொந்தமாகச் செய்த அட்டை' என்று எழுதினால் போதும், சார். ஒரு பீரியடு கொடுத்தால் நாங்கள் இருவரும் செய்து காட்டத் தயார்.

புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன்!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி