தூய எரிபொருளும் எக்கியார்குப்பமும்

மெத்தனால் என்னும் வேதிப்பொருளுக்கு இன்று புதிய மரியாதை பிறந்திருக்கிறது. எரியும்போது கரிப்புகையும் கந்தகமும் கக்காத எரிபொருள் இது. ஆலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவை, நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜனோடு வினையூக்கியின் துணையால் சேர்த்தும் இதனை ஆக்கலாம். நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலா, நாளைய பொருளாதாரத்திற்கு இதுவே அடித்தளம் என வாதிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்திற்கு 2025இல் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. புவி வெப்பமடையும் இந்நாளில் இம்முயற்சிகளை வரவேற்கவே வேண்டும்.

ஆனால் மெத்தனால் என்ற சொல் நம் மக்களுக்கு வேறு வழியாக அறிமுகமானது. 2023 மே மாதம், திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் அது சாராயமாக விற்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைக்கென ஆக்கப்பட்ட பொருள், கை மாறிக் கை மாறி ஏழையின் தொண்டையில் இறங்கிற்று.

“குடித்தவன் இறந்தான், வேதியியல் என்ன செய்யும்?” என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. குடியின் தீமையை நாம் ஓயாமல் போதிக்கிறோம், இனியும் போதிப்போம். ஆயினும் குடிப்பவனுக்கு நஞ்சே தண்டனை என்று எந்த மறையும் சொல்லவில்லை. நிறத்தாலும் மணத்தாலும் மெத்தனாலைச் சாராயத்திலிருந்து அவன் பிரித்தறிய இயலாது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கிறது, உயிரையும் பறிக்கிறது. பிரித்தறியும் வழி தெரிந்தவர் வேதியியலாளரே. எனவே பொறுப்பும் அவருடையதே.

பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகள் வகுத்தனர். விபத்துக்கு இடந்தராத பொருள்களையே தேர்ந்துகொள் என்பது அவற்றின் இறுதி நெறி. புகையை அளந்து சாவை அளக்காத தூய்மை, பாதித் தூய்மையே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும், மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கப் பணிக்கிறது.

மெத்தனால் பெருகப் பெருக, அது களவு போகும் வாய்ப்பும் பெருகும். ஆகவே, இயன்ற இடங்களிலெல்லாம் அதில் வாயில் வைக்க முடியாத கசப்பும் கண்ணை எச்சரிக்கும் நிறமும் சேர்க்கப்பட வேண்டும். ஆலை முதல் இறுதிக் கை வரை ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். சிற்றூர் மருத்துவமனையிலும் நஞ்சைக் கண்டறியும் மலிவான சோதனை வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவை சிறிய ஆய்வுகள் அல்ல. பெற்றோரே, அவர்களிடம் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்; இவற்றையும் பேசுங்கள்.

உடன்பிறந்தவனைப் பற்றி இறைவன் காயீனிடம் கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடமும் விடை சொல்லியாக வேண்டும்.