வெட்டினவர் ஒட்டவும் சொல்லித் தரவேண்டும்

1994-ல் என் தங்கை மகள் கல்யாணத்தை வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்தோம். மறைந்த என் மனைவி பேசிச் சிரித்து நடமாடும் ஒரே பதிவு அதுதான். பூஞ்சை பிடிக்குமுன் மாற்றி வைப்போம் என்று புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்தேன். டிவிடிக்கான முழு இமேஜ் கோப்பாகப் பென் டிரைவில் போட்டுத் தந்தார்கள். வீட்டில் திறந்தால் 001, 002, 003 என்று முடியும் மூன்று கோப்புகள். எதைத் தட்டினாலும் ஓடவில்லை.

திரும்பப் போனேன். வேலை செய்த பையன் நின்றுவிட்டானாம். இன்னொரு கடையில், "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார், ரெக்கவரி பண்ணணும், மூவாயிரம் ஆகும்" என்றார்கள்.

நண்பர்களே, ஒன்றும் கெடவில்லை. நிரம்பிய டிவிடி 4.7 ஜிபி. பழைய முறையில், அதாவது ஃபேட் 32-ல், ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அதனால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியது குற்றமில்லை. வெட்டியதைச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். அந்த மௌனத்துக்கு இன்னொருவர் மூவாயிரம் விலை வைத்தது அதைவிடக் குற்றம்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். திக்தே எழுதும்போது வரி முடிவில் சொல்லை உடைத்தால் ஒரு சிறு கோடு போட வேண்டும். போடாவிட்டால் முசே மதிப்பெண்ணைக் குறைப்பார். அந்தக் கோட்டுக்குப் பெயர் 'த்ரே துனியோன்', அதாவது இணைப்புக் கோடு. பிறகு ஆபீசிலும், கோப்பு தடித்துவிட்டால் இரண்டாம் வால்யூம் போடுவோம். அட்டையில் அதைக் குறிக்காமல் எந்தக் கிளார்க்கும் மேலே அனுப்பமாட்டான்.

சேர்ப்பது ஒரே வரி வேலை. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். பெயர்களில் இடைவெளி வேண்டாம். ஃபோல்டரின் மேல் பட்டையில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை வரும். அதில் 'காப்பி' என்று அடித்து, இடைவெளி விட்டு, கேள்விக்குறி விசையிலுள்ள சாய்கோடும் 'பி' எழுத்தும். மறுபடி இடைவெளி, மூன்று கோப்புகளின் முழுப் பெயர்கள் வரிசைப்படி, நடுவே கூட்டல் குறி. கடைசியாக இடைவெளி விட்டுப் புதுப் பெயர், முடிவில் புள்ளி ஐஎஸ்ஓ. அந்த 'பி'யை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இதை வெறும் எழுத்துக் கோப்பாக நினைத்துப் பாதியில் நிறுத்திவிடக்கூடும். மூன்றின் பைட் அளவையும் கூட்டிப் பாருங்கள். புதுக் கோப்பின் அளவு அதுவாகவே இருக்க வேண்டும். இருந்தால் விஎல்சி பிளேயரில் திறக்கலாம். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு 7-ஜிப் என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு சார்?" என்பவர்களுக்கு ஒரு பதில். கார்பன் தாளும் ஸ்டென்சிலும் பழகிய கை இது. நமக்கு வராது என்று நாமே நம்புவதில்தான் அவர்கள் வியாபாரம் நடக்கிறது.

அன்று மாலை படம் ஓடியது. பந்தியில் நின்றுகொண்டு, "கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க" என்று அதட்டுகிறாள் என் மனைவி.

இனிமேல் கடையில் கேளுங்கள்: எத்தனை துண்டு, என்ன வரிசை, எப்படிச் சேர்ப்பது? எழுதித் தந்த பிறகு பணத்தை எடுங்கள்.