மருந்தா, பாலா?



ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் கோவை துடியலூர் வாசகி ஒருவரின் கடிதம் என்னை விடவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர். கர்ப்பத்தில் அடங்கியிருந்த சோரியாசிஸ், குழந்தை பிறந்த சில வாரங்களில் முழங்கையிலும் முதுகிலும் திரும்பிவிட்டது. “பச்சை உடம்பு, மருந்தெல்லாம் பாலில் இறங்கிடும், எதையும் பூசாதே” என்கிறார்களாம் வீட்டில். அரிப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. மருந்தா, பாலா என்று கேட்கிறார்.

இரண்டும்தான், அம்மணி. பேறுகாலத்துக்குப் பின் இந்நோய் மீண்டும் தலைதூக்குவது பலருக்கும் நடப்பதுதான். குழந்தைக்குத் தொற்றாது. பூசும் மருந்தில் இரத்தத்துக்குப் போவதே சொற்பம், அதிலிருந்து பாலுக்கு இறங்குவது அதனினும் சொற்பம். தோலின் ஈரம் காக்கும் களிம்பு, வீரியம் குறைந்த அல்லது நடுத்தரமான ஸ்டீராய்டு களிம்பு இவற்றைத்தான் மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் யுவிபி எனும் புற ஊதாக் கதிர் ஒளி சிகிச்சை உண்டு. பாலில் கலக்க அதில் எதுவுமில்லை.

மார்பில்தான் கவனம் வேண்டும். காம்பில் பூசிய மருந்து நேரே பிள்ளையின் வாய்க்குப் போகிறது. தாய் காம்பில் ஸ்டீராய்டு பூசிவந்ததால் கைக்குழந்தைக்கு இரத்த அழுத்தம் கடுமையாக ஏறியதாக மருத்துவப் பதிவே இருக்கிறது. அங்கே பூசித்தான் ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பால் கொடுத்து முடித்ததும் மெல்லிசாகப் பூசி, அடுத்த வேளைக்கு முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வேறு இடத்தில் பூசினாலும், அந்தத் தோல் பிள்ளைமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தார் கலந்த களிம்பும், உடம்பெல்லாம் சாலிசிலிக் அமிலம் பூசுவதும் இப்போது வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கூடவே கூடாது.

நம் பக்கத்தில் வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். எண்ணெயில் ஊதா ஏறும். காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸுக்குச் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தரும் தைலம் அது. ஆனால் மரத்திலிருந்து வந்தது என்பதற்காக அதையும் காம்பில் பூச வேண்டாம்.

என் பெரிய கவலை, “படைக்கு ஒரு ட்யூப் குடுங்க” என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கம். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் பழக்கம் போகவில்லை. வீட்டிலிருக்கும் ட்யூப்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்