முதலில் கொட்டில், பிறகுதான் மெஷின்

மன்னாரில் "கராஜ்" எண்டால் மோட்டார்சைக்கிள் திருத்துற இடம்தான் முதலில் ஞாபகம் வரும். வீட்டோட சேர்ந்த கராஜ் வைத்திருப்பவர்கள் குறைவு. எங்களுக்கு இருப்பது பின்வளவுத் தகரக் கொட்டில். கரையோர வீடுகளில் வலை, கயிறு, மண்ணெண்ணெய்க் கான், போட்டுக்கு ஒட்டுப்போட வாங்கின ரெசின் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும். சி.என்.சி ரூட்டர் வாங்க ஆசைப்படுற பெடியளும் பெட்டையளும் அதை வைக்க நினைப்பதும் அந்தக் கொட்டிலில்தான்.

கணினியில் வரைந்த வடிவத்தை, வேகமாகச் சுழலும் வெட்டுமுனையால் பலகையில் செதுக்கித் தரும் இயந்திரம் அது. 2009இல் வெளிவந்த ஜி.ஆர்.பி.எல் என்ற இலவச மென்பொருளும் மலிவான ஆர்டுயினோ போர்டும் அதை வீட்டு மேசை வரை கொண்டு வந்துவிட்டன. பெயர்ப்பலகை செய்யலாம், தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் அலங்கார வேலை செய்யலாம், படித்துவிட்டு வேலை தேடி அலைகிறவர்களுக்கு ஒரு கைத்தொழிலாகவும் மாறலாம். நாங்கள் இதுக்கு எதிரானவர்கள் இல்லை. எங்கட வாதம் ஒண்டுதான்: மெஷினுக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கு, மெஷின் வரமுதலே கொட்டிலுக்குப் போக வேண்டும்.

கரண்டில் இருந்து தொடங்குவம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒண்டு மாட்டினதுதான் காரணம் எண்டு அமைச்சர் சொன்னார். எல்லாரும் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதையும் மறக்கேலாது. ரூட்டர் விஷயத்தில் கரண்ட் போவது பெரிய ஆபத்து இல்லை, திரும்பி வருவதுதான் ஆபத்து. கை ரூட்டரைக் கொளுவிச் செய்த மெஷினில் சுவிட்ச் "ஒன்"இலேயே நிற்கும். கரண்ட் போனதும் நீங்கள் கையை உள்ளே விட்டுப் பலகையைச் சரிபார்ப்பீர்கள். அந்த நேரம் கரண்ட் வந்தால், நிமிடத்துக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் சுற்றில் வெட்டுமுனை தானாகவே சுழலத் தொடங்கும்.

இதுக்கு மருந்து இருக்கு. கரண்ட் போனால் தானாக விடுபட்டு, பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால் மட்டும் வேலை செய்கிற கொன்டாக்டர் சுவிட்ச் ஒண்டைப் பூட்ட வேண்டும். அதோட சேர்த்து, அழுத்தினால் அப்படியே நிற்கிற சிவப்புக் காளான் பட்டனும் வேண்டும். மெஷினுக்கு மேலால் எட்டாமல், நிற்கிற இடத்திலேயே கைக்கு அகப்படும்படி அதை வையுங்கள். கணினித் திரையில் இருக்கிற "ஸ்டொப்" இதுக்கு ஈடாகாது. கணினி உறைந்துபோனாலோ யு.எஸ்.பி வயர் கழன்றாலோ அந்தக் கட்டளை மெஷினுக்குப் போய்ச் சேராது.

வயரிங்கும் அப்படித்தான். வீட்டுக்குள் இருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் கோடில், இரண்டு முள்ளு அடாப்டர் போட்டு மெஷினை ஓட்டினால் எர்த் அந்த இடத்திலேயே அறுந்துபோகும். பெரிய ஸ்பிண்டிலுக்கு வேகம் கட்டுப்படுத்துகிற வி.எஃப்.டி பெட்டியில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு மின்சாரம் இருக்கும். அதனால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழலாம். அப்ப "ட்ரிப்பைக் கழட்டி நேராக் குடு மச்சான்" எண்டு யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தோட தனி லைன் இழுப்பியுங்கள்.

மன்னாரில் உப்புக் காத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அது தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைப்பதோட நிற்காமல், சுவிட்ச் முனைகளையும் வயர் இணைப்புகளையும் அரிக்கும். சிவப்புப் பட்டனைப் பூட்டினால் போதாது. ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கமுதல் அதை ஒருக்கா அழுத்திப் பாருங்கள்.

எங்களுக்கு ஆகப் பெரிய கவலை தூசு. வெட்டுமுனையைக் கண்டால் எல்லாரும் பயப்படுவார்கள், தூசுக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. எம்.டி.எஃப் பலகையில் ஃபோமல்டிஹைட் பசையும் சேர்ந்திருக்கு. "கதவைத் திறந்து விட்டால் சோளகம் அள்ளிக்கொண்டு போயிடும்" எண்டு சொல்லலாம்தான். ஆனால் எங்கே கொண்டுபோகும்? குசினிக்கும், விறாந்தையில் படுத்திருக்கிற குழந்தைக்கும், பக்கத்து வீட்டுக் கொடியில் காயிற உடுப்புக்கும்தான். வெட்டுமுனையைச் சுற்றி உறிஞ்சு குழாய் பூட்டுங்கள், நல்ல ஃபில்டர் உள்ள வாக்யூம் வையுங்கள். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் மெல்லிய தூசுக்குப் போதாது, என்95 தரம் வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் முனை அதைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

நெருப்பும் தூசோட சேர்ந்த விஷயம்தான். மழுங்கின முனை, அல்லது ஒரே இடத்தில் நின்று சுழலுகிற முனை, மரத்தை வெட்டாமல் உரசிச் சூடாக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கங்கு வாக்யூம் பைக்குள் போய், நீங்கள் சாப்பிடப் போன பிறகு பத்தத் தொடங்கலாம். அதே கொட்டிலில் மண்ணெண்ணெயும், ரெசினும், அதைக் கட்டியாக்குகிற ஹார்ட்னரும் இருந்தால் பிறகு சொல்ல ஒண்டும் இல்லை. ஒரு கொட்டிலில் இரண்டில் ஒண்டுதான் இருக்கலாம். மெஷின் ஓடும்போது விட்டுப் போகக் கூடாது, முடிந்ததும் தூசைக் கொட்டிலுக்கு வெளியே கொட்ட வேண்டும்.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு சட்டமா?" எண்டு கேட்பீர்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற தொழிற்சாலைக்கு 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கு, பரிசோதகர்கள் இருக்கினம். எங்கட பின்வளவுக்கு ஒருத்தரும் வரப்போவதில்லை. அங்கே விதி போடுகிறவரும் நீங்கள், அதை மீறினால் அடிபடுகிறவரும் நீங்கள். தூசைச் சுவாசிக்கிற அம்மாவிடம் ஒருத்தரும் அனுமதி கேட்பதும் இல்லை.

அதனால்தான் நாங்கள் இன்னொரு யோசனையையும் வைக்கிறம். ஐந்து பேர் ஐந்து கொட்டிலில் ஐந்து அரைகுறை மெஷின் வைப்பதை விட, ஐந்து பேரும் காசு போட்டு, வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒழுங்கான வயரிங்கோட ஒரு மெஷின் வைக்கலாம். உறிஞ்சியின் செலவும் எலெக்ட்ரீஷியனின் கூலியும் ஐந்தாகப் பிரியும். முறை வைத்து இரண்டு இரண்டு பேராக வேலை செய்தால், ஒருத்தருக்கு ஏதும் நடந்தால் சிவப்புப் பட்டனை அழுத்த மற்றவர் பக்கத்தில் இருப்பார்.