நீரைக் காப்பதே இறாலைக் காப்பதாகும்

நாகை, வேதாரண்யக் கரைகளில் இறால் வளர்ப்போர், குட்டையில் இறால் சாகத் தொடங்கியவுடன் முதலில் தேடிச் செல்வது மருந்துக் கடையையே. கடன்பட்டுக் குஞ்சும் தீவனமும் வாங்கிய ஒருவருக்கு, கண்முன்னே நஷ்டம் நேரும்போது கைகட்டி நிற்க மனம் வராது. ஆயினும், பாக்டீரியாவினால் வரும் நோய்களில் முதலிற் கேட்கவேண்டியது ‘என்ன மருந்து?’ என்பதன்று, ‘நீர் எப்படி இருக்கிறது?’ என்பதே. அந்நீரோ தனியொருவர் சொத்தன்று. ஒரே வாய்க்காலிலிருந்து பலரும் எடுத்து, அதிலேயே பலரும் விடுவது. ஆகவே இந்நோயைத் தனித்து நின்று வெல்ல இயலாது; கூட்டுறவே வழி என்பது எமது அபிப்பிராயம்.

விப்ரியோ என்னும் பாக்டீரியா இனம் உவர்நீரில் இயற்கையாகவே வாழ்வது. நலமாயுள்ள இறாலின் குடலிலும் இருப்பது. அவற்றுள் சில கொடியவை. 2009 அளவில் சீனாவில் தோன்றி, வியட்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளுக்குப் பரவி, குஞ்சு விட்ட ஒரு மாதத்திற்குள்ளேயே குட்டைகளை வெறுமையாக்கிய நோய்க்கு, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் நச்சு சுரக்கும் பிரிவே காரணம் என்று 2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக அறிஞர் டொனால்டு லைட்னரின் குழுவினர் கண்டறிந்தனர். எனினும் பெரும்பாலான விப்ரியோ வகைகள், இறால் தளர்ந்திருக்கும் சமயம் பார்த்தே தாக்குகின்றன. அத்தளர்ச்சியைத் தருவது நீர்.

அது நேரும் விதத்தைக் கவனிப்போம். மிஞ்சிய தீவனம், கழிவு, உரித்த தோல், செத்த பாசி ஆகியவை அடியில் படிந்து அழுகுகின்றன. அவ்வழுகல் விப்ரியோவுக்கு உணவாகிறது. நீரிலுள்ள பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகிறது. இரவில் பாசியும் சுவாசிப்பதால், விடியுமுன் பிராணவாயு மிகக் குறைகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் சோர்ந்து தீவனம் எடுக்காது. எடுக்காத தீவனம் மேலும் அழுகும். அதிலிருந்து பிறக்கும் அம்மோனியா, பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும்போது நச்சுத்தன்மை மிகுந்ததாகிறது. அம்மோனியா மிகுந்த நீரிலிருந்த இறால், நல்ல நீரிலிருந்த இறாலைவிட விப்ரியோவுக்கு அதிகமாகப் பலியாவதைத் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியுள்ளனர். கிருமி ஒன்றே; நீர் மாறியதால் விளைவும் மாறிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உப்பு திடீரெனக் குறைவதும் இத்தகைய தளர்ச்சியைத் தரும்.

கிருமி கொல்லும் பிளீச்சிங் தூளைப் பற்றியும் ஒரு சொல். குஞ்சு விடுமுன் நீரைச் சுத்திகரிப்பது அவசியமே. ஆனால், வெட்டித் திருத்திய வெற்று நிலத்தில் முதலில் முளைப்பது களையே என்பதை உழவர் அறிவர். அதுபோல், கிருமியற்ற நீரில் போட்டியின்றி முதலிற் பெருகுவது விப்ரியோவே. ஆகவே மருந்தின் வீரியம் தணிந்து, பாசியும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் நிலைபெற்ற பின்னரே குஞ்சு விடுதல் நலம். சாயமேற்றும் நெசவாள அன்பர்களுக்கு இது விளங்கும். நீரின் தன்மை பாராமல் நூலை நனைத்தால், எத்தனை உயர்ந்த சாயமும் திட்டுத் திட்டாகவே பிடிக்கும் அல்லவா?

எதிருயிரி மருந்துகளை நாடுவதோ பெருங்கேடு. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்றவை தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் தென்பட்டால், வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு முழுதும் தள்ளப்படும். ஒருவர் செய்த பிழைக்கு அனைவரும் விலை கொடுக்க நேரும்.

இனி, பொது நீரைப் பற்றிய கேள்வி. நோய் கண்ட குட்டையை ஒருவர் இரவோடிரவாக வாய்க்காலில் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் அந்நீரையே அண்டைவீட்டார் ஏற்றிக்கொள்கிறார். இறால் பண்ணைகளைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டமும் இத்தொழிலுக்கு வரம்பு வகுத்தன. ஆனால், ஓரிரு ஏக்கர் உள்ள சிறு விவசாயி கழிவுநீருக்கெனத் தனிக்குட்டை ஒதுக்க இயலாது. பலர் சேர்ந்தால் இயலும்.

இது வெறுங்கனவன்று. ஆந்திராவின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள மொகல்தூரில், வெண்புள்ளி நோயால் நொந்த சிறு விவசாயிகள், 2000-க்குப் பின் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் வழிகாட்டலில் குழுவாகச் சேர்ந்து, குஞ்சைச் சோதித்து வாங்குவதையும் விடுவதையும் ஒருமுகமாக நடத்தினர். அந்த அனுபவத்தின் மீதே, சிறு இறால் விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்டும் தேசிய மையம் 2007-இல் எழுந்தது. வெண்புள்ளி வைரஸ் நோயே. ஆயினும் அண்டையாரோடு ஒத்து நடத்தல் என்ற படிப்பினை இரண்டுக்கும் பொருந்தும்.

ஆகவே நமது சங்கங்கள் நான்கு காரியங்களை உடனே மேற்கொள்ளலாம். முதலாவது, ஒரு வாய்க்காலைப் பயன்படுத்துவோர் நீர் ஏற்றும் நாளையும் வடிக்கும் நாளையும் கூடி நிர்ணயித்தல். இரண்டாவது, பிராணவாயு, அம்மோனியா, காரத்தன்மை, உப்பு ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் சங்கச் செலவில் வாங்கி, ஒவ்வொரு குட்டைக்கும் கணக்கேடு வைத்தல். மூன்றாவது, பொதுவில் ஒரு படிவுக் குட்டை அமைத்தல். நான்காவது, நோய் கண்டவர் மதகைத் திறக்குமுன் சங்கத்திற்கு அறிவித்தல். அவ்வாறு அறிவித்தவரைப் பழியாமல், அவருடைய கடன் தவணைக்குச் சங்கம் அவகாசம் தருதல்.

இந்நான்காவதே மிகவும் முக்கியமானது. அறிவித்தால் அவமானமும் கடன் நெருக்கடியும் வரும் என்ற அச்சமே மதகை இரவில் திறக்கச் செய்கிறது. அவ்வச்சத்தைப் போக்குவது மருந்தால் ஆகாது, சங்கத்தால் ஆகும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்துத் தீர்மானம் நிறைவேற்றுவார்களாக.