ஏமாந்தவரே குற்றவாளியா?

"ஏமாறுகிறவர் இருக்கும்வரை ஏமாற்றுகிறவரும் இருப்பார்." இணைய வங்கி மோசடி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் படித்தவர் வட்டாரத்தில் முதலில் ஒலிக்கும் தீர்ப்பு இதுதான். கேட்பதற்கு ஞானம்போலத் தோன்றும் இவ்வாக்கியம், திருடனையும் காவலனையும் விட்டுவிட்டுப் பறிகொடுத்தவரைக் கூண்டில் ஏற்றுகிறது. இதன் பொய்ம்மையை விளங்கிக்கொள்ளத் திருப்பதி வழக்கு ஒன்றே போதும்.

2023 ஏப்ரலில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய போலி இணையதளம் ஒன்றின்மீது திருமலையில் வழக்குப் பதிவாயிற்று. அது 41ஆவது போலித் தளம். அதற்கு முன்பே 40 தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. தேவஸ்தானத்தின் அன்றைய உண்மை முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்'. போலி முகவரியோ 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்'. புள்ளி இருந்த இடத்தில் சிறுகோடு, 'இன்' இருந்த இடத்தில் 'ஆர்க்'. வேறுபாடு அவ்வளவே. 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டு தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் கைபேசியின் சிறு திரையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது படாமற்போவதில் என்ன வியப்பு?

வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சலும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. "கணக்கு முடக்கப்படும், கேஒய்சி விவரங்களை இன்றே புதுப்பிக்கவும்" என்னும் மிரட்டல், அதன் கீழே ஓர் இணைப்பு. சொடுக்கினால் வங்கியின் முகப்பைப் போன்றே ஒரு பக்கம் திறக்கும். அதில் இடும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் மோசடிக்காரன் அக்கணமே உண்மையான வங்கித் தளத்தில் இட்டுப் பணத்தை எடுத்துவிட முடியும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்" என்ற ஒற்றை வரி அறிவுரை இங்கேதான் தோற்கிறது. ஏனெனில் வாடிக்கையாளர் அதை அந்நியர் எவரிடமும் சொல்லவில்லை. தம் வங்கியிடமே சொல்வதாக நம்புகிறார்.

"எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று அறியலாம்" என்பது மற்றோர் அறிவுரை. சித்தூர், நகரி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகளுக்கும் வங்கியின் மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. உண்மைக் கடிதமே புரியாதவரிடம் போலிக் கடிதத்தின் நடைப்பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வது எத்தகைய நீதி?

பூட்டுக் குறியும் காப்பாற்றாது. அது தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதை மட்டுமே சொல்லும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதைச் சொல்லாது. இந்தக் குழப்பத்தை உணர்ந்துதான் கூகுள் நிறுவனம் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து அக்குறியை நீக்கியது.

கற்பிக்க வேண்டியது வேறு. முகவரியை வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன் கடைசியாக நிற்கும் சொற்களே அது யாருடைய இடம் என்பதைக் காட்டும். 'கவ்.இன்' என்ற முடிவு அரசு சார்ந்த அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. 'ஆர்க்' என்ற முடிவைப் பணம் கட்டும் எவரும் வாங்கலாம். 2024 ஜனவரியில் தேவஸ்தானம் தன் தளத்தின் பெயரை 'டிடிதேவஸ்தானம்ஸ்' என மாற்றியபோதும் 'ஏபி.கவ்.இன்' என்ற முடிவு மாறவில்லை. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் குழம்பியிருக்கலாம். முடிவைப் படிக்கத் தெரிந்தவர் குழம்ப வேண்டியதில்லை.

ஆனால் வங்கிகள் அப்படியொரு பொது முடிவைத் தந்தனவா? இணைய வங்கிச் சேவை இந்தியாவுக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரே, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க்.இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. அதுவரை ஒவ்வொரு வங்கியும் தன் விருப்பப்படி முகவரி வைத்துக்கொண்டது. நிறுவனங்கள் நட்டுவைக்காத எல்லைக்கல்லைக் காணவில்லை என்று வாடிக்கையாளரைப் பழித்த காலம் அது.

சட்டம் அன்றே வேறுவிதமாகப் பேசியது. 2007இல் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவர், ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலால் 6 லட்சம் ரூபாய்க்கு மேல் இழந்தார். அவருடைய கவனக்குறைவே காரணம் என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் விசாரித்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலர் அதை ஏற்கவில்லை. வங்கி உரிய முன்னெச்சரிக்கையுடன் நடந்துகொண்டதை நிறுவவில்லை எனக் கண்டு, 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். பணம் காற்றில் கரையவில்லை. அதே வங்கியின் வேறொரு கணக்குக்குத்தான் போயிருந்தது. அக்கணக்கைத் திறந்துகொடுத்தது யார் என்ற கேள்வியை "ஏமாந்தவர் முட்டாள்" என்ற ஏளனம் ஒருநாளும் எழுப்பாது.

அந்த ஏளனத்துக்கு விலையும் உண்டு. 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாகாத மோசடியை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. அவரே கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரையிலான இழப்பு அவருடையது. புகாருக்குப் பின் நேரும் இழப்பு வங்கியுடையது. அதாவது ஒவ்வொரு நிமிடமும் பணம். வெட்கம் அந்த நிமிடங்களைத் தின்கிறது. உதவித்தொகையைப் பறிகொடுத்த மாணவி விடுதித் தோழியர் சிரிப்பார்களே என்று இரவு முழுதும் வாய்மூடிக் கிடந்தால், அந்த இரவின் இழப்பில் சிரிப்பவர்க்கும் பங்குண்டு.

ஆகவே கல்விக்கூடங்கள் சொல்லித்தர வேண்டியவை மூன்று. மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியே வங்கிக்குள் நுழையாமல், முகவரியைத் தாமே தட்டச்சு செய்தோ வங்கியின் செயலி வழியாகவோ செல்லுதல். ஐயம் எழுந்த உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்து, அந்த மின்னஞ்சலை அழிக்காமல் சான்றாக வைத்திருத்தல். வங்கி கைவிரித்தால் சட்டத்தின் துணையோடு கேள்வி கேட்டல். முதலிரண்டும் தற்காப்பு, மூன்றாவது உரிமை. உரிமையைச் சொல்லித்தராமல் தற்காப்பை மட்டும் ஓதும் விழிப்புணர்வு, வங்கிகளின் பொறுப்பை வாடிக்கையாளர் தோளுக்கு மாற்றும் வேலையையே செய்கிறது.